லாடிப்போவின் நல்லி எலும்பு

நல்லி எலும்பு எட்டாம் மேசைக்குப் போய்விட்டது.

லாடிப்போ தன் கிண்ணத்தை விரலால் இன்னொரு தடவை துழாவிப் பார்த்தார். எவெடு கீரைக் குழம்புக்குள் மூன்று துண்டு மாட்டுக்கறி கிடந்தது. அவர் கேட்டது மூன்று, வந்ததும் மூன்று. யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆறு வருஷமாக, அந்த மூன்று துண்டுக்கு மேல், கேட்காமலே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நல்லி எலும்பு வந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு அது இல்லை.

எங்கே போயிற்று என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. எட்டாம் மேசையிலிருந்து 'சொர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒல்லியான ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"பன்கே, இங்க கொஞ்சம் வாம்மா."

பரிமாறுகிற பன்கே வந்து நின்றாள். நாற்பது வயதுக்காரி. கடைச் சுவரில் முப்பத்திரண்டு பதார்த்தங்களின் பெயர் எழுதியிருக்கும். எதைக் கேட்டாலும் "முடிஞ்சிடுச்சு" என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். கடை திறந்து பத்தாவது நிமிஷத்திலும் அதையேதான் சொல்வாள். அதற்கு மேல் அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

"என்னங்கய்யா?"

"குழம்புல ஏதோ குறையுற மாதிரி இருக்கு."

"உப்பா?"

"உப்பு இல்ல."

"காரமா?"

"காரமும் இல்லம்மா. பொதுவா ஒரு குறை."

பன்கே குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "மூணு துண்டு கேட்டீங்க. மூணு இருக்கு. வேற ஏதாவது வேணுமா, மீன்?"

"மீன் இருக்கா?"

"முடிஞ்சிடுச்சு."

"சரி, விடு. எட்டாம் மேசையில யாரு அது?"

"எஃபியோங் ஐயா. கலபார்க்காரர். செவ்வாய்க்கிழமையிலேருந்து தினம் வர்றார்."

கலபார்க்காரன். லாடிப்போவுக்குக் கிழங்கு மாவில் கிண்டிய அமலா உருண்டை தொண்டையில் நின்றது. நைஜீரியாவிலேயே எங்களை மாதிரி சமைக்க ஆளில்லை என்று மார் தட்டுகிற ஊர்க்காரனுக்கு, நம்ம யொருபா இனத்துக்காரி கடையில் என்ன வேலை? அதுவும் நாலே நாளில் நல்லி எலும்பு? லாடிப்போவுக்கு வயிறு எரிந்தது. காரத்தால் இல்லை.

ஹூஸ்டன் பிஸ்ஸோனெட் சாலையில் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் தலை பின்னும் கடைக்கும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற இயா கன்மியின் கடை வாசலில்தான் சனிக்கிழமை மத்தியானம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கன்மி என்ற பெண்ணைப் பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் இயா கன்மி. புருஷன் போய்ப் பத்து வருஷமாகத் தனியாகக் கடை நடத்துகிறவள். அவள் பானையில் ஒரு நாளைக்கு ஒரு நல்லி எலும்புதான் வேகும். அது விலைக்குக் கிடையாது. கொசுறு. யாருக்கு என்பது அவள் இஷ்டம்.

லாடிப்போவுக்கு அது வெறும் எலும்பா என்ன? வீட்டில் ஆகட்டும், விருந்தில் ஆகட்டும், பெரிய துண்டு பெரிய மனுஷனுக்கு. அதைப் பார்த்துத்தான் யாருக்கு என்ன மதிப்பு என்று சபை தெரிந்துகொள்ளும். ஐம்பத்தைந்து வயதில் அமெரிக்காவில் அவருக்கு வேறு எங்கே மதிப்பு இருந்தது? பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை. அங்கே அவர் பெயரைப் பாதியாக வெட்டி 'லாட்' என்றுதான் கூப்பிட்டார்கள். மகள் டல்லஸில் படிக்கிறாள். பக்கம் பக்கமாக எழுதினாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவாள். மனைவி மோரெனிக்கே நர்ஸ். அவள் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்ப்பாளே தவிர அவரைப் பார்ப்பதில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மாலையில் உப்பில்லாமல் வேகவைத்த முட்டைக்கோஸ்.

சனிக்கிழமைகளில் மோரெனிக்கேக்குப் பகல் டியூட்டி. அன்றைக்கு லாடிப்போ பூங்காவில் மூன்று மணி நேரம் நடப்பதாக வீட்டில் ஏற்பாடு. அதற்கென்று சாயம் போன பனியனும் ரப்பர் ஷூவும் போட்டுக்கொண்டு புறப்படுவார். கார் நேராக பிஸ்ஸோனெட் சாலைக்குத்தான் போகும்.

ஆறு வருஷத்துக்கு முன் முதல் தடவை தனியாக வந்து உட்கார்ந்தபோது, இயா கன்மி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல சமைச்சுப் போட யாரும் இல்லையா அண்ணே?" என்று கேட்டாள். லாடிப்போ முட்டைக்கோஸை நினைத்துக்கொண்டார். தலையை மட்டும் குனிந்துகொண்டார். அன்றைக்கே நல்லி எலும்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே கையால் கொண்டுவந்து வைத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நல்லா சாப்பிடுங்க அண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போவாள். ஆளைப் பார்த்ததுமே தகுதியைக் கண்டுகொள்கிற பெண்பிள்ளை என்று லாடிப்போ பூரித்துப்போனார்.

இப்போது அந்தக் கை எட்டாம் மேசைக்காரன் தோளைத் தட்டிவிட்டுப் போனது. லாடிப்போ பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாய்விட்டுக் கேட்டுவிடலாம்தான். சந்தையில் மிளகாய் வாங்கும்போது கொசுறு கேட்கலாம், சண்டை போட்டும் வாங்கலாம். ஆனால் வயசான ஆண்பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'எனக்கு இன்னொரு துண்டு கறி' என்று கேட்பதற்கு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அவர் கேட்கவில்லை. வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு, ஒரு பஸ்ஸை ஒரே நிறுத்தத்தில் இரண்டு தடவை நிற்கும்படி அட்டவணை போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். தப்பு பனியனில்தான் இருக்கிறது. சாயம் போன பனியனையே ஆறு வருஷமாகப் பார்த்தால் யாருக்குத்தான் மதிப்புக் குறையாது?

அடுத்த சனிக்கிழமை, மகள் பட்டமளிப்புக்கென்று தைத்து வைத்திருந்த நீல நிற அக்பாடா அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். தோளிலிருந்து தரை வரை நாலு ஆள் துணி. தலையில் பொருத்தமான குல்லாய். கடைக்குள் நுழைந்தபோது அங்கி முதலில் நுழைந்தது, அப்புறம்தான் அவர் நுழைந்தார். 

இயா கன்மி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"யாரு இது? அண்ணே, நீங்களா?"

"நானேதான், இயா."

"உங்களை இப்படிப் பார்க்கணும்னுதான் நான் காத்துக்கிட்டிருந்தேன். என் மனசே நெறஞ்சு போச்சு."

"ஏதோ கைக்குக் கிடைச்சதை மாட்டிக்கிட்டு வந்தேன்."

"இனிமே இப்படியே வாங்க. அந்தப் பழைய பனியனைத் தூக்கிப் போடுங்க."

லாடிப்போ வெற்றியோடு எட்டாம் மேசையைப் பார்த்தார். இன்றைக்கு ஒன்றில்லை, இரண்டு நல்லி வந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டார். கிண்ணம் வந்தது. மூன்று துண்டு.

நம்பமுடியாமல் குனிந்து பார்த்தார். அங்கியின் கை சரிந்து முழங்கை வரைக்கும் எவெடு குழம்பில் இறங்கியது. பச்சைக் குழம்பு, வழவழவென்று, துணியைப் பிடித்தால் விடாத ஜாதி. கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எஃபியோங் எழுந்து வந்து காகிதக் கைக்குட்டை கொடுத்தான்.

"துடைச்சுக்கங்க ஐயா. நானும் இப்பத்தான் ஆரம்பிச்சேன், வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

சாப்பிடுகிறவன் எதிரில் வருகிறவனை இப்படிக் கூப்பிடுவதும், கூப்பிடப்பட்டவன் மறுப்பதும் ஊர் மரியாதை. லாடிப்போ பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கட்டும், உங்களுக்கு நல்லா இறங்கட்டும்" என்றார். அவன் மேசையில் நல்லி எலும்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றேதான் அதைக் காட்டுவதற்குக் கூப்பிட்டிருக்கிறான், பாவி.

கறை பட்ட அங்கியைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்தார். ஹூஸ்டன் வெயிலில் மூன்றாம் நாள் காருக்குள் உட்கார முடியவில்லை.

"டிக்கியில என்ன செத்துக் கிடக்கு?" என்றாள் மோரெனிக்கே.

"பூங்காவுல ஒரு மாதிரி கீரை வளருது. ஷூவுல ஒட்டிக்கிச்சு."

அவள் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். "நடந்தும் ஏறுதே. இனிமே நாலு மணி நேரம் நடங்க."

இரண்டாவது யோசனை சொலாரின். பள்ளிக்கூடத்து நண்பன். வயிறும் குரலும் ஒரே அளவு. தனியாக வருகிறவனுக்கு ஒரு எலும்புகூடக் கிடைக்காது, பத்து பேரைக் கூட்டி வருகிறவன்தான் கடைக்கு முக்கியம் என்று லாடிப்போவுக்குத் தோன்றிவிட்டது. சொலாரினுக்குப் போன் போட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் என் விருந்து. நம்ம பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வா."

"ஏன்டா, உன் பொண்டாட்டி ஊர்ல இல்லையா?"

"வாயை மூடிக்கிட்டு வா. இல்ல, வாயைத் திறந்துக்கிட்டே வா. சத்தம் போடணும்."

ஏழு பேர் வந்தார்கள். மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டு, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நடந்த மாதிரி நடந்து காட்டி, கடை அதிரச் சிரித்தார்கள். சொலாரின் சொன்ன எதற்கும் பன்கே "முடிஞ்சிடுச்சு" என்றாள், அதற்கும் சிரித்தார்கள். இயா கன்மி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணோரம் ஈரம் தெரிந்தது.

"இத்தனை பேர் இருக்காங்களா அண்ணே உங்களுக்கு?"

"இது பாதிதான் இயா. மீதிப் பேருக்கு இன்னிக்குக் கல்யாண வீடு."

"போதும். இப்பத்தான் எனக்கு நிம்மதி."

வியாபாரத்தைப் பார்த்து வந்த நிம்மதி என்று லாடிப்போ நினைத்துக்கொண்டார். நல்லி வரும் என்று சோற்றை மெதுவாகச் சாப்பிட்டார். சொலாரின் ஏப்பம் விட்டு எழுந்துகொள்கிற வரைக்கும் அது வரவில்லை. எட்டாம் மேசையிலிருந்துதான் அந்த 'சொர்ர்' வந்தது.

அதுவாவது போகட்டும். அடுத்த வாரம் போனபோது, ஏசிக்கு நேர் கீழே, ஆறு வருஷமாக அவருக்கென்று இருந்த மூலை மேசையில் எஃபியோங் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

"அது என் இடமில்ல?" என்றார் லாடிப்போ.

"மூலையில முடங்கறதெல்லாம் இனிமே உங்களுக்கு எதுக்கு அண்ணே?" என்று சொல்லி இயா கன்மி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசல் பக்கத்து மேசையில் உட்காரவைத்தாள். "இங்க வெளிச்சமா இருக்கும். நாலு பேரைப் பார்க்கலாம்."

கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து அடுப்புக்குள் கையை விட்ட மாதிரி அனல் வந்தது. எலும்பு போச்சு, இடமும் போச்சு. லாடிப்போ வியர்வையைத் துடைத்துக்கொண்டே எஃபியோங்கை வெறித்துப் பார்த்தார். அவன் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினான். சாப்பாட்டுக் கடையில் புத்தகம் படிக்கிறவனை நம்பலாமா? 

பொறாமையில் மனுஷனுக்கு ரோஷம் வரும். மூன்றாவது யோசனை ரோஷத்தில் பிறந்தது. இனி இந்தக் கடை வாசல்படி மிதிப்பதில்லை. எதிர்ச் சாரியில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கே போய், கண்ணாடி ஜன்னலோரம், இயா கன்மியின் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவது. வயிறு எரியட்டும், அவளுக்கும்.

அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார்கள். வந்த குழம்பில் கீரையைவிட நத்தை ஓடு அதிகம். ஒவ்வொன்றாக எடுத்து உறிஞ்சவேண்டும். உறிஞ்சினால் காற்றுதான் வந்தது. அப்படி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இயா கன்மி குப்பை போட வெளியே வந்தாள். லாடிப்போவைப் பார்த்தாள். லாடிப்போ முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு, உலகத்திலேயே சிறந்த உணவைச் சாப்பிடுகிறவர் போலத் தலையை ஆட்டிக் காட்டினார்.

அவள் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவரால் தாங்கமுடியவில்லை. பழையபடி வந்துவிட்டார். ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டாளானால்கூட மன்னித்துவிடலாம் என்று இருந்தார்.

"எதிர்க் கடையில உங்களைப் பார்த்தேன் அண்ணே."

"பார்த்தீங்களா? சும்மா ஒரு மாறுதலுக்கு."

"அப்படித்தான் இருக்கணும். நாலு இடம் போங்க, நாலு ருசி பாருங்க. இங்கயே விழுந்து கிடந்தா எப்படி?"

நெஞ்சில் கத்தியைச் சொருகின மாதிரி இருந்தது. ஆறு வருஷ வாடிக்கையாளனைப் பார்த்து, வேறு கடைக்குப் போ என்கிறாள் ஒரு கடைக்காரி. எதற்காக? லாடிப்போ திரும்பிப் பார்த்தார். மூலை மேசையில் இயா கன்மி எஃபியோங்குக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். 

ஓகோ. விஷயம் இப்படிப் போகிறதா? புருஷன் இல்லாதவள், ஒண்டியாகத் திரிகிற ஒல்லிப்பயல். அதனால்தானா நல்லியெல்லாம் அந்தப் பக்கம் உருள்கிறது? 

காரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார். எஃபியோங்கிடம் இல்லாதது தன்னிடம் என்ன இருக்கிறது? அழகில் தோற்கலாம், உடம்பில் தோற்கலாம், புத்தகத்தில் கண்டிப்பாகத் தோற்கலாம். ஆனால் குடும்பம்? சபையில் குடும்பஸ்தனுக்குத்தானே முதல் மரியாதை? மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறவன் முன்னால் தனிக்கட்டைக்கு என்ன மதிப்பு? மோரெனிக்கேயைக் கூட்டி வந்தால் எலும்பென்ன, பானையே இந்த மேசைக்கு வரும்.

ஆபத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருஷ ரகசியம். ஆனால் அந்த ஒல்லிப்பயலின் 'சொர்ர்' காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. 

"வர்ற சனிக்கிழமை லீவு போடு. வெளியில போய்ச் சாப்பிடலாம்" என்றார் வீட்டில்.

மோரெனிக்கே கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஏதாவது வியாதின்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"பொண்டாட்டியை ஒரு மனுஷன் வெளியில கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"இருபத்தேழு வருஷமா கூட்டிட்டுப் போகலையே, அதான் கேட்டேன்."

ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம். சனிக்கிழமை காலையிலேயே கண்ணாடி முன் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத் தலைக்கட்டை மூன்று தடவை கட்டி அவிழ்த்துக் கட்டினாள். நல்ல சரிகை உடுப்பு போட்டுக்கொண்டாள். காரில் போகும்போது லாடிப்போவின் கையைக்கூட ஒரு தடவை தொட்டாள். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"கடை எப்படி இருக்கும்?"

"தெரியல. யாரோ சொன்னாங்க, சுமாரா இருக்கும்னு."

உள்ளே நுழைந்ததும் பன்கே தலையைத் தூக்கினாள். "வாங்கய்யா. வழக்கம்போல அமலாவும் மூணு துண்டுமா?"

மோரெனிக்கே உட்காரப் போனவள் பாதியில் நின்றாள். "வழக்கம்போலவா?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க போல" என்றார் லாடிப்போ.

அதற்குள் இயா கன்மி வெளியே வந்துவிட்டாள். லாடிப்போ எழுந்து நின்றார். மூலை மேசையில் இருப்பவனுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, "இயா, இது என் மனைவி" என்றார்.

இயா கன்மியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மோரெனிக்கேயைத் தலைக்கட்டிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். பிறகு அகப்பையை மேசைமேல் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள். 

"வாம்மா, வா. இந்த வாசல்ல உன்னைப் பார்க்கணும்னு எத்தனை ராத்திரி முட்டி போட்டு வேண்டியிருப்பேன்."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மோரெனிக்கே, அவள் பிடியிலிருந்தபடியே.

"தெரியாதும்மா. ஆனா வேண்டினேன்." இயா கன்மியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இவர் தங்கமான மனுஷன். ஒரு சனிக்கிழமை தவறாம என் கையால சாப்பிட்டவர். இனி நீதான் பார்த்துக்கணும். கைவிட்டுடாதம்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். கடையில் இரண்டு மூன்று பேர் லேசாகக் கைதட்டினார்கள். எஃபியோங் தூரத்திலிருந்து தலை தாழ்த்தி வணங்கினான். லாடிப்போவுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் மோரெனிக்கேக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. அவள் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"ஒரு சனிக்கிழமை தவறாம?"

"அவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க."

"எவ்வளவு நாளா?"

"ஒரு... ஆறு வருஷம் இருக்கும்."

"பூங்காவுல நடக்கிறீங்கன்னு சர்ச்சுல ஒருத்தி விடாம எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் உங்களைப் பார்த்துத் தங்களோட புருஷனுங்களையும் நடக்க விட்டிருக்காங்க."

"நடக்காம இல்ல. கார்லேருந்து இறங்கி இங்க வரைக்கும்..."

"பேசாதீங்க." அவள் குரல் உயரவில்லை. நர்ஸ்கள் ஊசி போடுவதற்கு முன் பேசுகிற குரல் அது. "அந்தப் பொம்பளை என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. எதுக்கு அழுதா? உங்களை என்கிட்ட ஒப்படைக்கிறாளாம். அவ யாரு உங்களை ஒப்படைக்க? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"எலும்பு."

"என்னது?"

"நல்லி எலும்பு மோரெனிக்கே. சத்தியமா நடுவுல அது ஒண்ணுதான் இருந்துது. இப்ப அதுவும் இல்ல."

மோரெனிக்கே தலைக்கட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள். அவள் உதடு நடுங்குவதை லாடிப்போ அப்போதுதான் பார்த்தார். இருபத்தேழு வருஷத்தில் நாலைந்து தடவைதான் அப்படிப் பார்த்திருக்கிறார். ஆசையாக உடுத்திக்கொண்டு வந்தவள். அவருக்கு ஒரு நிமிஷம் எலும்பெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? ஒரு ஆம்பளை ஆறு வருஷமா பொய் சொல்லிட்டு வர்றது எலும்புக்காகவா?"

"எலும்புக்காகத்தான். எனக்கு மட்டும் கொடுப்பாங்க. இந்தக் கடையிலேயே எனக்கு மட்டும். நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். இப்ப அதை அந்தக் கலபார்க்காரனுக்குக் கொடுக்கிறாங்க, எனக்குத் தாங்கல. உன்னைக் கூட்டிட்டு வந்தா திரும்பக் கிடைக்கும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"ஓகோ" என்றாள் மோரெனிக்கே. "எலும்புக்காகத்தான் லீவு போடச் சொன்னீங்க."

"அப்படி இல்ல..."

"நிரூபிங்க. அப்படி ஒரு எலும்பு இருந்ததுன்னு இங்க யாராவது சொல்லட்டும். இல்லன்னா நான் டல்லஸ் பஸ் ஏறிடுவேன். மகளோட இருந்துக்கறேன். நீங்க இங்கயே ஒரேயடியா சாப்பிட்டுக்கலாம்."

லாடிப்போ சுற்றிலும் பார்த்தார். கடை நிறைந்திருந்தது. தெரிந்த முகங்கள் பாதிக்கு மேல். எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி குனிந்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளை சபையில் கறி கேட்பதா? ஆறு வருஷமாகக் கட்டிக் காத்த கௌரவம். எதிரே மோரெனிக்கே கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். 

பன்கே இரண்டு கிண்ணத்தோடு வந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். மூன்று துண்டு. மோரெனிக்கேயின் கிண்ணத்திலும் மூன்று துண்டு.

லாடிப்போ எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பன்கே, ஆறு வருஷமா இயா எனக்கு ஒரு நல்லி எலும்பு கொடுத்துக்கிட்டிருந்தாங்களா இல்லையா? என் பொண்டாட்டி முன்னால சொல்லு. அப்புறம் அதை எதுக்கு நிறுத்தினாங்க, அதையும் சொல்லு."

கடையில் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. பன்கே கிண்ணங்களை மேசையில் வைத்தாள். இடுப்புத் துணியில் கையைத் துடைத்தாள். லாடிப்போவைப் பார்த்தாள், மோரெனிக்கேயைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"கொடுத்தாங்கய்யா, யாரு இல்லன்னா? ஆனா அது பொண்டாட்டி செத்துப்போய்த் தனியா சாப்பிட வர்றவங்களுக்காக இயா எடுத்து வைக்கிற எலும்பு. எஃபியோங் ஐயாவுக்கு ரெண்டு மாசம்தான் ஆச்சு, உங்களுக்கு ஆறு வருஷம் ஓடிப்போச்சு, தேறிட்டீங்க, இப்ப இந்தப் புது அம்மாவையும் கட்டிக்கிட்டீங்க, இனிமே உங்களுக்கு எதுக்குய்யா நல்லி?"